மூணாவது இலை

போய்ச் சொல்லிட வேண்டியதுதான். இருபதடி தூரம்கூட இருக்காது. நான் கை கழுவுற தொட்டிகிட்ட நிக்கிறேன், வாசல் பக்கம் ஃபேனுக்குக் கீழ பிளாஸ்டிக் நாற்காலியில பக்கிரிசாமி அண்ணன் உக்காந்திருக்காரு, நடுவுல ரெண்டாவது பந்தி ஓடிக்கிட்டிருக்கு. எட்டி நடந்தா போயிடலாம். போய், அண்ணே, அண்ணி, இந்தத் தப்பு என்னோடதுன்னு ஒரே ஒரு வார்த்தை. ஆனா காலு நகரமாட்டேங்குது. கையை வேற மூணு தடவை கழுவிட்டேன். சாப்பிடாதவன் எதுக்குடா கை கழுவுறேன்னு கண்ணாடியில இருக்கிறவன் கேக்குறான். போடா, உனக்கென்ன தெரியும். கழுத்துல கேமரா கல்லு மாதிரி தொங்குது. பந்தியிலேர்ந்து எந்திரிச்சு வந்த ஒருத்தர் வாயைக் கொப்பளிச்சுட்டு, "என்ன குணா, படமெல்லாம் நல்லா வந்துருக்கா?"ங்குறாரு. வந்துருக்குண்ணேன்னு பல்லைக் காட்டுறேன். வெக்கமா இல்ல? இருக்கு. வெக்கத்தோடயே பல்லைக் காட்ட முடியுதுங்கிறதுதான் இன்னிக்கு நான் கத்துக்கிட்டது. அங்க அந்த நாற்காலிகிட்ட சுதாகர், அண்ணனோட மகன், சென்னையில பேங்க்குல இருக்கான், இன்னிக்கு விருந்துக்குன்னு ரயிலேறி வந்தவன், வந்து இறங்கி நேரா மெஸ்ஸுக்குள்ள நுழையறான், அப்பன் பெஞ்சுல சாய்ஞ்சு கெடக்காரு, அதுலேர்ந்து அம்மாவைப் புடிச்சு உலுக்கிக்கிட்டே இருக்கான். "இன்சுலின் எத்தனை யூனிட்மா போட்ட? சரியா சொல்லு. பத்தா, இருபதா?" கமலவேணி அண்ணி முந்தானையை வாயில வச்சுக்கிட்டு, "பத்துதான்பா... பத்துதான் போட்டேன்னு நெனக்கிறேன்"ங்குறாங்க. நெனக்கிறேன். மொத தடவை கேட்டப்ப பத்துதான்னாங்க. ரெண்டாவது தடவை பத்துதான்பான்னாங்க. இப்ப நெனக்கிறேனுக்கு வந்துட்டாங்க. இன்னும் பத்து நிமிஷம் நான் இங்க நின்னா இருபதுன்னே ஒத்துக்குவாங்க போலருக்கு.

பத்துதான் அண்ணி. எனக்குத் தெரியும். இந்த மெஸ்ஸுல எனக்கு மட்டும்தான் தெரியும். இல்ல, அண்ணனுக்கும் தெரியும். அவரு வாயைத் தொறக்கல. சுதாகர் கேட்டான், "சாப்பிட்டீங்களாப்பா, சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போதா மயக்கம் வந்துச்சு?"ன்னு. அண்ணன் என்னைப் பாத்தாரு. கூட்டத்துக்கு மேல, தொட்டிகிட்ட நிக்கிற என்னைத் தேடிப் பாத்தாரு. பாத்துட்டு, "ம்"னாரு. ஒரு பருக்கை சாப்பிடல மனுஷன்! கையெல்லாம் சோறா இருந்துச்சேன்னு சுதாகர் நெனச்சுக்கிட்டான், அது சாப்பிட்ட கை இல்லடா தம்பி, விழறப்ப இலைக்குள்ள விழுந்த கை. சோத்துக்குள்ள மணிக்கட்டு வரைக்கும் போச்சு. ஏழே காலுக்கு வீட்டுல ஊசி போட்டாங்க, ஏழரைக்கு இலையில உக்காந்தாச்சு, நல்லா சாப்பிட்டிருக்காரு, அப்புறமும் எட்டு மணிக்கு மேல சுகர் இறங்குதுன்னா அம்மாதான் அளவு தெரியாம டபுளா போட்டுட்டாங்க. இது அவன் கணக்கு. கணக்குல தப்பே இல்ல. போன மாசம்தான் அண்ணிக்குக் கண்ணுல புரை ஆபரேஷன் ஆச்சு, அதையும் சேத்துக்கிட்டான். "கண்ணு தெரியலன்னா சொல்லணும்லம்மா, பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்ல, மனுஷன் உசுரு போயிருக்கும்ல?" உசுருன்னு அவன் சொன்ன உடனே அண்ணி கையில இருந்த தம்ளரைக் கீழ வச்சுட்டாங்க. ஊசி போட்ட கை அது. ஏழு வருஷமா தெனம் மூணு வேளை போட்ட கை. பாவி, நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

சௌந்தரம் அக்காவோட மெஸ்ஸுக்கு இன்னிக்கு இருபத்தஞ்சு வருஷம். அக்கா மொதல்லயே சொல்லிருச்சு, மாலை மரியாதை ஒண்ணும் வேணாம், இத்தனை வருஷமா வந்து சாப்பிட்டவங்களைக் கூப்பிட்டு ஒரு வேளை இலை போடணும், அதான் விருந்துன்னு. கரந்தையில பாதித் தெரு இங்க சாப்பிட்ட தெருதான். நான் பதினோரு வருஷம். எனக்கு மஞ்சக்காமாலை வந்து மேல் ரூமுல சுருண்டு கெடந்தப்ப இருபது நாளு உப்பில்லாத ரசத்தைக் கரைச்சு சோத்தோட தூக்குல அனுப்புனது இந்த அக்காதான். அதை எடுத்துக்கிட்டு மாடிப்படி ஏறி வந்தது யாரு? பக்கிரிசாமி அண்ணன். முனிசிபாலிட்டி தண்ணி டேங்க்குல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, முழங்கால் வலி, ஒவ்வொரு படிக்கும் ஒரு முருகான்னு சொல்லிக்கிட்டு ஏறுவாரு, சத்தம் கீழேர்ந்தே கேக்கும். இதெல்லாம் இப்ப எதுக்கு ஞாபகம் வருது? வராம? ஞாபகம் என்ன என்னைக் கேட்டுக்கிட்டா வருது. "குணா, நீதான் படம் எடுக்கணும், கல்யாணத்துக்கெல்லாம் எடுக்குறியே, நம்ம மெஸ்ஸை ஒண்ணு எடு, செவுத்துல மாட்டணும்"னு அக்கா சொன்னப்ப, அக்கா உங்களுக்கு இல்லாததான்னு நெஞ்சுல கை வச்சேன். நெஞ்சுக்குள்ள வேற ஒண்ணு இருந்துச்சு. திருச்சியில பெரிய ஓட்டல் ஒண்ணு, சாப்பாட்டுப் படம் எடுக்க நிரந்தரமா ஆள் பாக்குறாங்க, நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள நல்ல படமா நாலு அனுப்பணும். கல்யாணத்துல இனிமே நிக்க என்னால முடியல, நாப்பத்தி மூணு வயசுல இடுப்பு விட்டுப்போச்சு, சின்னப் பசங்க ட்ரோனைப் பறக்க விட்டுட்டு நம்மளை ஓரமா நில்லுங்க அங்கிள்ங்குறானுங்க. அங்கிளாம். ஆக அக்காவுக்கு ஒரு படம், திருச்சிக்கு நாலு படம். அக்காவுக்காகன்னு ஊருக்குச் சொன்னேன். திருச்சி விஷயத்தை ஒரே ஒருத்தருகிட்ட மட்டும்தான் சொன்னேன், நேத்து மத்தியானம் பக்கத்துல உக்காந்து சாப்பிடும்போது, பக்கிரிசாமி அண்ணன்கிட்ட. "அட, கெடச்சா நல்லாயிருக்கும்டா குணா, இடுப்பு பொழைக்கும்"னாரு.

செவுத்தோரம் நீள மேஜை, அதுல பதினோரு இலை. எதிர்ல பொம்பளைங்க பந்தி, அவங்க இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு. நான் செவுத்தோரப் பந்தியை மட்டும்தான் புடிச்சுக்கிட்டேன், வெளிச்சம் அங்கதான் சரியா விழுந்துச்சு. பொம்பளைங்க பந்தி நேரத்துக்குச் சாப்பிட ஆரம்பிச்சுருச்சு. அதனாலதான் அண்ணிக்கு ஒண்ணும் தெரியல, முதுகுக்குப் பின்னாடி புருஷனும் சாப்பிடுறாருன்னு நெனச்சுக்கிட்டு அவங்க பாட்டுக்குச் சாப்பிட்டாங்க. எல்லாரும் உக்காந்த ஒடனே அண்ணன் என்னைப் பாத்துக் கேட்டாரு, "குணா, சட்டுபுட்டுன்னு முடிச்சுருவல்ல?" அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் ஒரே மேஜை. ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிடணும்னு எனக்குத் தெரியாதா? ஒரு நாள் சோறு வர லேட்டாச்சுன்னு அவரு கை நடுங்குனப்ப சட்டைப் பையிலேர்ந்து மிட்டாய் எடுத்து வாயில போட்டுக்கிட்டதைப் பாத்தவன்தானே நான். இன்னிக்கு சட்டை புதுசு, மகன் எடுத்துக் குடுத்த சட்டை, பையில மிட்டாய் இல்ல போல. "ரெண்டே நிமிஷம்ணே"ன்னேன். அது என் வாயில தானா வர்ற வார்த்தை. தாலி கட்டுற நேரத்துல ஐயரையே ரெண்டு நிமிஷம்னு நிறுத்தி வச்சவன் நான். மாப்பிள்ளை பொண்ணு வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கும், ரெண்டு நிமிஷம்பேன். முக்கால் மணி நேரம் ஆகும். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க, கேமராக்காரன் சொன்னா எல்லாரும் கேக்கத்தான் செய்யறாங்க, எதுக்குன்னே தெரியல, போலீஸ்காரன் சொன்னாகூட எதுத்துக் கேள்வி கேக்குறாங்க.

மொதல்ல இலை ஓரத்துல இனிப்புக்கு அசோகா வச்சாங்க. திருவையாத்துலேர்ந்து ஆள் வரவழைச்சுக் கிண்டுன அசோகா, நெய் மினுங்குது, அந்த ஆரஞ்சு நெறம் பச்சை இலையில உக்காந்தா கேமராவுக்கு அதைவிட வேற என்ன வேணும். அப்புறம் உருளை வறுவல், வாழைப்பூ வடை, கோழி வறுவல், சுக்கா. நான் கையில ஒரு பிரஷ் வச்சுக்கிட்டு முன்னாடி மூணு இலையில இருக்கிற சுக்காவுக்கு எண்ணெய் தடவுனேன். ஆமாங்க, சாப்பிடப் போறவன் எதிர்லயே அவன் கறிக்கு பிரஷ்ஷால எண்ணெய் தடவுனேன். ரெண்டாவது இலைக்காரரு, "என்ன தம்பி, பொண்ணுக்கு மேக்கப்பா?"ன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் சோறு போட்டாங்க. ஆவி வரணும். ஆவி இல்லாத சோறு படத்துல செத்த சோறு. லைட்டைத் திருப்பி வைக்கிறதுக்குள்ள ஆவி அடங்கிப்போச்சு. நான் என்ன சொன்னேன்? சொல்றதுக்கே நாக்கு கூசுது. அக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, முன்னாடி இருக்கிற மூணு இலையில மட்டும் இந்தச் சோத்தை எடுத்துட்டு, கொதிக்கக் கொதிக்க வேற போடுங்க"ன்னேன். இலையில போட்ட சோத்தை, உக்காந்திருக்கிற மனுஷன் முன்னாடியிருந்து எடுக்கச் சொன்னேன். அக்காவோட மெஸ்ஸுல. இலையில விழுந்தது அவங்க சோறுடா, நம்ம சோறு இல்லன்னு பரிமாற வர்ற ஒவ்வொருத்தருக்கும் மொத நாளே சொல்ற அக்கா. ஒரு நொடி என்னைப் பாத்துச்சு. ஏதாவது திட்டும்னு நெனச்சேன். திட்டியிருந்தா பொழைச்சிருப்பேன். "எடுத்துருவோம் தம்பி"ன்னு யாரையும் விடாம தானே குனிஞ்சு, ஒரு தட்டுல அந்தச் சோத்தை அள்ளுச்சு. மூணு பேருகிட்டயும் "மன்னிச்சுக்குங்க"ன்னு தனித்தனியா சொல்லிச்சு. நான் அப்ப லென்ஸைத் தொடைச்சுக்கிட்டிருந்தேன். மறுபடி உலை வச்சு வடிக்கக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரமும் சோறில்லாத இலை முன்னாடி அண்ணன் உக்காந்திருந்தாரு. இலை முன்னாடி உக்காந்தவன் சாப்பிடாம எந்திரிச்சா போட்டவங்களை அவமதிச்ச மாதிரின்னு அவரு எந்திரிக்கல. அக்கா மனசு நோகும்னு எந்திரிக்கல. நான் கை வைக்காதீங்கன்னு சொன்னதால சாப்பிடவும் இல்ல. கைக்கு நேரா இனிப்பு இருக்கு. ஒரு விரல் அசோகா நாக்குல பட்டிருந்தா போதும்.

அதுதான் சிக்குது. எதை நெனச்சாலும் சுத்திச் சுத்தி அங்கயே வந்து சிக்குது, முள்ளுக் கம்பியில வேட்டி மாட்டுன மாதிரி. கேமராவைத் தொறந்து பாக்குறேன். பாக்கக்கூடாது. பாக்குறேன். தொட்டிப் பக்கம் திரும்பிக்கிட்டு, சின்னத் திரையை உள்ளங்கையால மறைச்சுக்கிட்டு, திருடன் மாதிரி. மொத படம். பதினோரு பேரும் சிரிக்கிறாங்க, மூணாவது இலையில அண்ணன், நீலச் சட்டை, தலைக்கு மேல செவுத்துல கடிகாரம், ஏழு நாப்பது. அந்தக் கடிகாரம் ஃபிரேமுக்குள்ள வருதேன்னு அப்ப எரிச்சல்பட்டேன். அடுத்தது, ஏழு அம்பத்திரண்டு. சோறு எடுத்த இலை. அண்ணன் நெத்தி மினுங்குது. வேர்வை. நான் அதை லைட்டு அதிகமாயிடுச்சுன்னு நெனச்சேன், அவர் நெத்தியைப் பாத்து லைட்டைக் கொறச்சேன், மனுஷனுக்கு வேர்க்குதுன்னு தோணல. எட்டு மணி. எட்டு ரெண்டு. முகமெல்லாம் மங்கலாத்தான் இருக்கு, கடிகார முள்ளு மட்டும் தெரியுது, ஃபோக்கஸ் எல்லாம் இலையில, சோறு ஆவி பறக்குது, அட அட, என்னா படம்! அதையும் சொல்லித்தான் ஆகணும், என் வாழ்க்கையில நான் எடுத்த நல்ல படம் இதுதான். எட்டு நாலு. இதுல ஒரு கை வருது. மூணாவது இலை ஓரத்துல, அசோகாவுக்கு ஒரு இஞ்சு பக்கத்துல, ஆள்காட்டி விரல் நீண்டுருக்கு. விரல் நடுங்குனதால அது மட்டும் கலங்கித் தெரியுது. அடுத்த படத்துல கை இல்ல. நடுவுல என்ன நடந்துச்சு? நான் கத்துனேன். "மூணாவது இலை, கை! கையை எடுங்க!" பேரைச் சொல்லிக்கூட கத்தல. பதினோரு வருஷம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட மனுஷன், எனக்கு அப்ப மூணாவது இலை. கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. ஸ்கூல் புள்ளை மாதிரி வச்சுக்கிட்டாரு. இன்னும் எட்டு படம் எடுத்தேன். எட்டு ஏழு, எட்டு எட்டு, தலை ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சமா கீழ வருது, வரிசையா தள்ளிப் பாத்தா சினிமா மாதிரி ஓடுது. கடைசிப் படத்துல தலை ஃபிரேமுக்குள்ளயே இல்ல. அப்பவும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? பின்னாடி இப்ப நல்லா காலியா இருக்கேன்னு தோணுச்சு. சனியன் புடிச்சவனே. அப்புறம்தான் தொப்புன்னு சத்தம்.

அக்காதான் ஓடி வந்துச்சு. தாடையைப் புடிச்சுத் தூக்கி, அவரு இலையிலேர்ந்தே அசோகாவை வழிச்சு, உதட்டுக்குள்ள, ஈறுல தடவுச்சு. "முழுங்குங்கண்ணே, முழுங்குங்க, இனிப்புதான், முழுங்குங்க." மூணு வாய். அப்புறம் சக்கரைத் தண்ணி. பத்து நிமிஷத்துல கண்ணு தொறந்துச்சு, இப்ப தயிர் சோறு சாப்பிட்டு உக்காந்திருக்காரு, ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகலைல? அப்புறம் என்ன. அழிச்சுடலாம். அந்தக் கை வர்ற ஒரு படம், தலை சாயற எட்டு படம், ஒம்பது படத்தை அழிச்சா முடிஞ்சது. மத்தவங்களுக்கு என்ன தெரியும்? அக்கா ரெண்டாவது பந்திக்கு அடுப்படியில நிக்குது, சுதாகர் பேசுறது அதுக்குக் கேக்கல. பந்தியில இருந்தவங்களைக் கேட்டா, படம் எடுத்தாங்க, ரெண்டு நிமிஷம்ங்குறாங்க. காதால கேட்டேன், கொஞ்சம் முன்னாடி சுதாகர் ரெண்டாவது இலைக்காரரைக் கேட்டான், "லேட்டாச்சா சார்?" "இல்லப்பா, போட்டோ எடுத்தாங்க, ஒரு ரெண்டு நிமிஷம்." அவரு பொய் சொல்லல. நான் அம்பது தடவை ரெண்டு நிமிஷம்னு சொன்னேன், அவரு மண்டைக்குள்ள அது ரெண்டு நிமிஷமாவே நின்னு போச்சு. விரல் அழிக்கிற பட்டன் மேலதான் இருக்கு. அழி. திருச்சிக்குப் போ. ஆவி பறக்குற படத்தை அனுப்பு. இடுப்பு பொழைக்கும். நாளைக்கு மத்தியானம் அதே மேஜையில அண்ணன் பக்கத்துல உக்காந்து, என்னண்ணே உடம்பு எப்படியிருக்குன்னு கேளு. கேப்பியா? கேப்பேன்டா. நான் கேக்கக்கூடியவன்தான். தொட்டியில குனிஞ்சு முகத்துல தண்ணியை அடிச்சுக்கிறேன்.

"முடிவு பண்ணிட்டேன்." சுதாகர் குரல். சத்தமாவே சொல்றான், சாப்பிடுறவங்க ரெண்டு பேரு திரும்பிப் பாக்குறாங்க. "நாளைக்கு அப்பாவை என்கூட சென்னைக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க நர்ஸ் வச்சுப் பாத்துக்கலாம். உன்னால முடியலம்மா, விடு." அண்ணி முகத்தைப் பாக்காம இருந்திருக்கலாம். அழுதுருந்தாகூடப் பரவால்ல. தன் வலது கையை எடுத்து மடியில வச்சு, திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருக்காங்க, யாரோட கையோ மாதிரி. "நான் நல்லா சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்பா"ங்குறாங்க மெதுவா. "என் முதுகுக்குப் பின்னாடி அவரு சாயறாரு, நான் இங்க வடை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், படுபாவி. இருபது போட்டாலும் போட்டிருப்பேன். எனக்கு ஞாபகமே இல்ல." வந்துட்டாங்க. இருபதுக்கு வந்துட்டாங்க. நான் இங்க முகம் கழுவிக்கிட்டு நிக்கிறேன். நாப்பது வருஷம் கரந்தையில குடியிருந்த மனுஷி, புருஷனை ரயிலேத்திவிட்டுட்டு வீட்டுல தனியா உக்காந்து, நான்தான் கொல்லப் பாத்தேன்னு தெனம் மூணு வேளை நெனச்சுக்கிட்டிருப்பாங்க. ஊசி போட வேண்டிய மூணு வேளையும். போடா குணசீலா, போ. போய்த் தொலை.

எப்படி நடந்தேன்னு தெரியல, பந்திக்குப் பின்னாடி இடுக்குல புகுந்து, யாரோட நாற்காலியையோ இடிச்சு, வந்துட்டேன். ஈரக் கையோட நிக்கிறேன். "சுதாகர், அப்பா சாப்பிடல"ன்னு வாய் சொல்லுது. என் குரலா அது? கீச்சுன்னு இருக்கு. "என்ன சார்?" "அப்பா ஒரு வாய்கூட சாப்பிடல. நான்தான் சாப்பிட விடல." அண்ணன் நாற்காலியிலேர்ந்து கையை நீட்டுறாரு, "குணா, சும்மா இரு. நடந்தது நடந்துபோச்சு, போய் இலையில உக்காரு." "இல்லண்ணே." கேமராவைக் கழட்டிக் குடுக்குறேன். கழுத்துல பட்டை மாட்டிக்குது, எடுக்க வரல, அசிங்கமா இருக்கு, தலையைக் குனிஞ்சு எடுக்குறேன். "மேல கடிகாரத்தைப் பாருங்க தம்பி. இந்தப் பட்டனை அமுக்கி ஒண்ணு ஒண்ணா வாங்க." அவன் வாங்கிப் பாக்குறான். ஏழு நாப்பது. தள்ளுறான். நான் அவன் முகத்தைப் பாக்கல, அவன் கட்டை விரலைப் பாக்குறேன். எட்டு நாலுகிட்ட விரல் நின்னுபோச்சு. "இது யாரு கை?" "அப்பாது." "ஏன் அடுத்ததுல இல்ல?" "நான் எடுக்கச் சொல்லிக் கத்துனேன்." அவன் நிமிந்து பாக்குறான். அறைவான்னு நெனச்சேன். அறைடான்னு இருந்துச்சு. "ஊசி போட்டிருக்காருன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?" "தெரியும்." "தெரிஞ்சுமா?" "தெரிஞ்சும்தான்." "அப்ப நான் இவ்வளவு நேரமா எங்கம்மாவைத் திட்டிக்கிட்டிருந்தேனே, அங்கதானே நின்னீங்க? கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க?" ஆமான்னு தலையை ஆட்டுனேன். அண்ணன்தான் குறுக்க வர்றாரு, மெல்லிசாப் போன குரல்ல, "டேய், அவன் மேல பாயாத. அவனுக்குத் திருச்சியில ஒரு வேலை வருது, அதுக்கு நல்ல படம் வேணும். எனக்குத் தெரியும், நான்தான் பொறுத்துக்கலாம்னு இருந்தேன். ஒரு வாய் எடுத்தா இலை கலைஞ்சுரும்ல." அப்புறம் என்னைப் பாத்து, "குணா, அனுப்பறப்ப என் கை வராத படமாப் பாத்து அனுப்பு"ங்குறாரு. எனக்காகவா கையை எடுத்தீங்க. எனக்காகவா அண்ணே. நான் கத்துனதுக்காகன்னுகூட இல்லாம. பக்கத்து மேஜையைப் புடிச்சுக்கிட்டேன்.

"அதை இங்க குடு." அண்ணி. கமலவேணி அண்ணி கேமராவை மகன்கிட்டேர்ந்து வாங்கி, முந்தானையால மூக்குக்கண்ணாடியைத் தொடைச்சு மாட்டிக்கிட்டு, திரையைக் கண்ணுகிட்ட வச்சுப் பாக்குறாங்க. அவங்க புருஷன் முகத்தைப் பாக்கல. கையைப் பாக்கல. எனக்கு வாழ்க்கை குடுக்கப் போற அந்த ஆவி பறக்குற சோத்தைப் பாக்கல. கடிகாரத்தை மட்டும் பாக்குறாங்க. உதடு அசையுது, விரல் விட்டு எண்ணுறாங்க. "ஏழே கால்ல ஊசி. இது ஏழு நாப்பது. இது எட்டு... இது எட்டு ஏழு. இதுவரைக்கும் சாப்பிடல." "சாப்பிடல அண்ணி." "ஒண்ணுமே?" "ஒண்ணுமே." "அப்ப பத்துதான்." யாருகிட்டயும் சொல்லல, காத்துல சொல்றாங்க. அப்புறம் மகன் தோளைப் புடிச்சுத் திருப்பி, "பத்துதான்டா. சாப்பிடலன்னா பத்துக்கே இறங்கும். நான் பத்துதான் போட்டேன்"ங்குறாங்க. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான், "அம்மா"ன்னு மட்டும் சொல்றான். சோத்து வாளியோட அந்தப் பக்கம் வந்த அக்காவையும் புடிச்சுக்கிட்டாங்க. "சௌந்தரம், நான் பத்துதான் போட்டிருக்கேன். பாரு, கடிகாரத்தைப் பாரு." அக்கா திரையைப் பாத்துச்சு. கடிகாரத்தைப் பாத்துச்சு, கையைப் பாத்துச்சு, கடைசியா என்னைப் பாத்துச்சு. சோத்தை அள்ளுனப்ப பாத்த அதே பார்வை. வாளியை எடுத்துக்கிட்டுப் பந்திக்குப் போயிருச்சு. அண்ணிக்கு அதெல்லாம் தெரியல. கண்ணுலேர்ந்து தாரை தாரையா ஊத்துது, வாய் சிரிக்குது, கை கழுவ வர்றவங்க, வெத்தலைக்கு நிக்கிறவங்க, ஒருத்தரை விடாம கூப்பிட்டுக் காட்டுறாங்க. என்னைத் திட்ட வேண்டிய வாயி. ஒரு வார்த்தை, நாசமாப் போறவனேன்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பவே கால்ல விழுந்துருவேன், காத்துக்கிட்டு நிக்கிறேன். அண்ணி என் பக்கம் திரும்பி, ரெண்டு கையாலயும் கேமராவை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "நல்லவேளை தம்பி, நீ படம் எடுத்த"ங்குறாங்க. அதைத் திருப்பி வாங்க என் கை நீளல.